இணைப்பு என்கிற சொல்

ஈழம் பற்றித் தமிழ்நாட்டில் எழுதப்பட்ட கவிதைகளில் ரத்தமும் கண்ணீரும் வேண்டிய மட்டும் உண்டு. 1987 ஜூலை 29 அன்று கொழும்பில் ராஜீவ் காந்தியும் ஜெயவர்த்தனாவும் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தை வாசித்ததற்கான தடயம்தான் இல்லை. மூன்று வரிக் கவிதையில் முப்பது அர்த்தம் காணும் நம் விமர்சகர்களுக்கு, ஒரு ஜனத்தின் தலையெழுத்தை எழுதிய உரைநடை வாசிப்புக்குரியதாகப் படவில்லை.

1985-ல் திம்புவில் தமிழ் அமைப்புகள் கேட்டது 'தாயகம்'. ஒப்பந்தத்தில் வந்ததோ, தமிழ் பேசும் மக்கள் பிற இனத்தாருடன் சேர்ந்து வரலாற்று ரீதியாக வாழ்ந்துவந்த பகுதிகள். ஒரு பெயர்ச்சொல்லை ராஜதந்திரம் எப்படிக் கரைக்கிறது என்று பாருங்கள். வடக்கையும் கிழக்கையும் சேர்த்ததுகூடத் தற்காலிகமாகத்தான். 1988 டிசம்பர் 31-க்குள் கிழக்கில் மட்டும் வாக்கெடுப்பு; அந்தத் தேதியையும் ஜனாதிபதி இஷ்டப்படி தள்ளிப்போடலாம். தவணையைக் கடன்பட்டவரே தள்ளிவைத்துக்கொள்ளலாம் என்று எழுதிய பத்திரம், வேடசந்தூரில் புகையிலைக்காரருக்குக் கடன் கொடுக்கும் எந்த வங்கியிலும் குமாஸ்தாவின் மேஜையைத் தாண்டாது. (இது பி.ஏ. இங்கிலீஷில் வந்த ஞானமல்ல, லெட்ஜரில் வந்தது.) யாருக்காக எழுதப்பட்டதோ அவர்கள் கையெழுத்தும் அதில் கிடையாது.

நம் மேடைகளில் 'தற்காலிக' என்ற அடைமொழி உதிர்ந்து வெறும் 'இணைப்பு' ஆயிற்று. வாக்கெடுப்பு நடக்கவேயில்லை. 2006 அக்டோபர் 16 அன்று இலங்கை உச்சநீதிமன்றம் இணைப்பே செல்லாது என்றது. ஆயுத ஒப்படைப்பு முடிந்த பிறகே இணைக்கலாம் என்றது மாகாண சபைச் சட்டம். அது முடியாமலே, 1988 செப்டம்பரில் அவசரகால விதியால் நிபந்தனையைத் தளர்த்தி ஜெயவர்த்தனா இணைப்பை அறிவித்திருந்தார். அப்படித் தளர்த்த அவருக்கு அதிகாரமில்லையாம். 2007 ஜனவரி 1 முதல் பழையபடி இரண்டு மாகாணங்கள். பதினெட்டு வருஷம் நின்றது இந்தக் காகிதத்தின் மேல்தான்.

'தமிழ் பேசும் மக்கள்' என்ற தொடரிலும் நமக்கு உறுத்தல் இல்லை. 1981 கணக்கில் கிழக்கில் ஏறக்குறைய மூன்றில் ஒருவர் முஸ்லிம். அவர்களையும் அதற்குள் எண்ணிக்கொண்டோம். 1990 அக்டோபரில் வடக்கின் முஸ்லிம்களைப் புலிகள் வெளியேற்றினார்களே, அவர்கள் என்ன பாஷை பேசினார்கள்? அதுபற்றி நம் பத்திரிகைகள் எத்தனை பக்கம் ஒதுக்கின?

இது அரசியல், இலக்கியமல்ல என்பார்கள். அடைமொழி உதிர்வதைக் கவனிக்காதவர்கள் கவிதையில் மட்டும் என்னத்தைக் கவனிக்கிறார்கள்? ஒப்பந்தம் சில பக்கங்கள்தான். அடுத்த ஈழக் கவிதையைத் தபாலில் சேர்ப்பதற்கு முன் படித்துவிடலாம்.