அளவு சொல்லாத அளவுச் சாப்பாடு

தமிழ்நாட்டு உணவகங்களின் வாசற்பலகையில் நெடுங்காலமாக இரண்டு சொற்கள் அருகருகே இருந்துவருகின்றன: முழுச் சாப்பாடு, அளவுச் சாப்பாடு. முன்னதில் உண்பவரின் வயிறு எல்லை. பின்னதில் தட்டு எல்லை. விலையில் வேறுபாடு உண்டு, பரிமாறுவதில் வேறுபாடு உண்டு. ஆனால் இரண்டுமே நேர்மையான சொற்கள். எதை வாங்குகிறோம் என்பது காசு கொடுக்கும் முன்பே தெரிந்துவிடும். மகாராஷ்டிரத்திலும் இதே வழக்கம் வேறு பெயர்களில் இருக்கிறது. 'அன்லிமிடெட் தாளி' ஒருபுறம், 'ரைஸ் பிளேட்' மறுபுறம். ரைஸ் பிளேட் கேட்பவர் எத்தனை சப்பாத்தி வரும், சோறு ஒரு முறையா இரண்டு முறையா என்பதைக் கேட்டுத் தெரிந்துகொண்டே அமர்கிறார்.

ஆய்வின் பொருட்டுச் சில ஆண்டுகளாக ஆகுர்டியில் வசிக்கிறேன். அண்மைக்காலமாக இப்பகுதியிலும் 'ஸ்மால் பிளேட்ஸ்' உணவகங்கள் பெருகிவருகின்றன. சிறு சிறு தட்டுகளில் பலவகை உணவு வரும். மேசையில் இருப்போர் அனைவரும் பகிர்ந்து உண்ண வேண்டும். இவ்வுணவகங்களைப் பற்றி ஒரு கருத்தை முன்வைக்கவே இப்பதிவு. என் கருத்து இதுதான்: சிறுதட்டு என்னும் முறையில் குற்றமில்லை, அளவை மறைத்து விலையை மட்டும் சொல்வதில்தான் குற்றம் இருக்கிறது. அந்தக் குற்றத்தின் சுமை மேசையில் இருப்பவர்களுள் மிகக் குறைந்த வருவாய் உடையவர் மீது விழுகிறது.

முதலில் இம்முறையின் நன்மைகளைச் சொல்லிவிடுவது நியாயம். ஐக்கிய நாடுகள் சுற்றுச்சூழல் திட்டம் 2024இல் வெளியிட்ட உணவு விரயக் குறியீட்டு அறிக்கையின்படி, 2022ஆம் ஆண்டில் உலகில் வீணான உணவு ஏறத்தாழ 105 கோடி டன். அதில் 28 விழுக்காடு உணவகங்கள் முதலிய உணவுச் சேவைத் துறையினுடையது. பெரிய தட்டில் பாதியை மிச்சம் வைத்து எழுவதைக் காட்டிலும் சிறிய தட்டை முழுமையாக உண்டு முடிப்பது மேல். முதியவர்களுக்கும் குறைவாக உண்பவர்களுக்கும் இது வசதி. ஒரே மாலையில் பல சுவைகளை அறியவும் முடிகிறது.

இன்னொரு நன்மை நம் சமூகத்துக்கே உரியது. இதே புனே நகரில் 1890இல் பஞ்சஹௌத் மிஷனில் நடந்த ஒரு கூட்டத்தில் தேநீர் பரிமாறப்பட்டது. கிறித்தவப் பாதிரிமார் இடத்தில் தேநீர் அருந்தியதாகத் திலகர், ரானடே உள்ளிட்ட பலர் மீது சாதிக் கட்டுப்பாட்டு விவகாரம் எழுந்தது. பிராயச்சித்தம் வரை அது சென்றது. சென்னைத் திருவல்லிக்கேணியில் முரளி கஃபேயின் பெயர்ப்பலகையில் இருந்த 'பிராமணாள்' என்ற சொல்லை நீக்கக் கோரிப் பெரியார் இயக்கத்தவர் மறியல் செய்தது 1957இல். யாருடன் அமர்ந்து எதை உண்கிறோம் என்பது அவ்வளவு பெரிய கேள்வியாக இருந்த நாடு இது. பல ஊர், பல சாதி, பல மொழி இளைஞர்கள் ஒரு தட்டிலிருந்து எடுத்து உண்ணும் காட்சியை இழிவாகப் பேச எனக்கு மனம் வராது. பகிர்ந்து உண்ணலை நான் ஆதரிக்கிறேன். அதனாலேயே அதன் கணக்கையும் கேட்கிறேன்.

கணக்கு எப்படி நடக்கிறது என்று பார்ப்போம். சென்ற மாதம் எங்கள் குழுவில் ஒருவரின் ஆய்வேடு ஏற்கப்பட்டது. அதைக் கொண்டாட அறுவர் ஓர் உணவகத்துக்குச் சென்றோம். உணவுப்பட்டியலில் பெயர் இருந்தது, விலை இருந்தது, 'பகிர்ந்து உண்பதற்கு' என்ற குறிப்பும் இருந்தது. எத்தனை துண்டு, எவ்வளவு எடை என்பது எங்கும் இல்லை. பரிமாறுபவரைக் கேட்டோம். 'ஒருவருக்கு இரண்டு தட்டு என்று வைத்துக்கொள்ளுங்கள்' என்றார். முதலில் வந்த தட்டில் ஐந்து துண்டுகள். நாங்கள் ஆறு பேர். அடுத்ததில் நான்கு. ஒவ்வொரு தட்டிலும் யாரோ ஒருவர் 'எனக்கு வேண்டாம், நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள்' என்று சொல்ல வேண்டியிருந்தது. அப்படிச் சொன்னவர் பெரும்பாலும் ஒருவரே: எங்களுள் இளையவரான ஆய்வாளர்.

பதினொரு தட்டுகள் வந்தன. 4,620 ரூபாய், ஐந்து விழுக்காடு சரக்கு மற்றும் சேவை வரியோடு 4,851 ரூபாய். ஆறால் வகுத்தால் தலைக்கு 808 ரூபாய் 50 காசு. அந்த இளைய நண்பர் உண்டது மொத்தம் எட்டுத் துண்டுகள். தம் பங்கை அவரும் உடனே அனுப்பிவிட்டார். விடுதிக்குத் திரும்பும் வழியில், ஆகுர்டி ரயில் நிலையத்தருகே நின்று இரண்டு வடாபாவ் வாங்கி உண்டார். அவருடைய உதவித்தொகை நான்கு மாதங்களாக வரவில்லை என்பது அப்போதுதான் எங்களுக்குத் தெரிந்தது. அவருடைய இசைவோடுதான் இதை எழுதுகிறேன்.

இளநிலை ஆய்வாளருக்கான தேசிய உதவித்தொகை 2023 ஜனவரி முதல் மாதம் 37,000 ரூபாய். அது ஒழுங்காக வருபவருக்கு 808 ரூபாய் ஒரு மாலையின் செலவு. அது வராதவருக்கும், எந்த உதவித்தொகையும் இல்லாமல் ஆய்வு செய்பவருக்கும் அது ஏறத்தாழ ஒரு வாரத்து உணவு. இருவரும் ஒரே மேசையில்தான் அமர்கிறார்கள். தனித்தனித் தட்டு வாங்கும் உணவகத்தில் இவர் ஒரு தோசையோ ஒரு ரைஸ் பிளேட்டோ சொல்லிவிட்டு மானத்தோடு எழுந்திருக்க முடியும். சிறுதட்டு மேசையில் அந்த வழி அடைபட்டுவிடுகிறது. உண்பதன் அளவை ஒருவர் குறைத்துக்கொள்ளலாம். கொடுப்பதன் அளவைக் குறைத்துக்கொள்ள முடியாது. 'நான் குறைவாகத்தான் உண்டேன்' என்று சொல்லத் துணிபவர் எத்தனை பேர்? வறுமையை வெளியே சொல்லக் கூசுபவரிடம், அந்தக் கூச்சத்துக்கும் சேர்த்து விலை வாங்கும் முறை இது.

'அப்படியானால் அவர் வராமலே இருந்திருக்கலாமே' என்று சிலர் கேட்கலாம். ஆய்வுலகத்தை அறிந்தவர்கள் இதைக் கேட்கமாட்டார்கள். எந்த இதழுக்குக் கட்டுரை அனுப்பலாம், எந்தத் துறையில் இடம் காலியாகிறது, யார் நல்ல நெறியாளர் என்பன போன்ற செய்திகள் பெரும்பாலும் இத்தகைய மேசைகளில்தான் கைமாறுகின்றன. வராதவர் உணவை மட்டும் இழப்பதில்லை.

ஆகுர்டியின் வரலாற்றைப் பார்த்தால் இந்த மாற்றம் இன்னும் தெளிவாகத் தெரியும். இது தொழிற்சாலை ஊர். பஜாஜ் ஆட்டோவின் ஆலை பல பதிற்றாண்டுகள் இங்கே வண்டிகளை உற்பத்தி செய்தது. 2007இல் இங்கு வாகன உற்பத்தி நிறுத்தப்பட்டது. தலைமையகம் மட்டும் தொடர்கிறது. அத்தகைய ஆலைகளில் உணவு எப்படி வழங்கப்பட வேண்டும் என்பதற்குச் சட்டமே இருக்கிறது. 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 46ஆம் பிரிவு, 250க்கும் மேற்பட்ட தொழிலாளர் பணிபுரியும் ஆலைகளில் கேண்டீன் வேண்டும் என்று விதிக்க மாநில அரசுகளுக்கு அதிகாரம் தந்தது. என்ன உணவு, என்ன விலை என்பதை விதிகளில் குறிக்கவும், கேண்டீன் நிர்வாகக் குழுவில் தொழிலாளர்க்கு இடம் தரவும் அந்தப் பிரிவிலேயே வழி இருந்தது. தட்டில் என்ன விழுகிறது என்று கேட்கும் உரிமை உண்பவருக்கு இருந்தது. ஆலைகளைச் சுற்றி வளர்ந்த கானாவள்களிலும், அதாவது நம் ஊர் மெஸ்களிலும், மாதக் கணக்கில் பணம் கட்டுபவர் அளவைப் பற்றி உரிமையோடு சண்டையிட்டார். இன்று அதே ஊரில் அளவைப் பற்றிக் கேட்பது நாகரிகக் குறைவாகப் பார்க்கப்படுகிறது.

சிறுதட்டின் பிறப்பிடங்களிலும் இந்த மறைப்பு இருந்ததில்லை. ஸ்பெயினின் கிரனாடா நகர மதுக்கூடங்கள் பலவற்றில் பானம் வாங்கினால் 'தாப்பாஸ்' எனப்படும் சிறுதட்டு இன்றும் கூடவே வருகிறது. அதற்குத் தனி விலை கிடையாது. சீனத் 'திம்சம்' கடைகளில் தட்டுகளைச் சிறியது, நடுத்தரம், பெரியது என வகுத்து விலை குறிப்பது வழக்கம். ஜப்பானில் 1958இல் ஒசாகா அருகே சுழலும் பட்டையில் சுஷி வழங்கும் கடை முதன்முதலில் தோன்றியது. அவ்வகைக் கடைகள் பலவற்றில் தட்டின் நிறமே விலையைச் சொல்லிவிடும். தட்டில் இருப்பது கண்ணெதிரே நகர்ந்து வரும். ஏழை மாணவன் தன் முன் அடுக்கியுள்ள காலித் தட்டுகளை எண்ணி, 'இத்தோடு போதும்' என்று தானே நிறுத்திக்கொள்ளலாம். நம் ஊருக்கு வந்து சேர்ந்தபோது தட்டின் சிறுமை மட்டும் வந்தது. அந்த வெளிப்படைத்தன்மை வரவில்லை.

இந்திய அரசும் ஒருமுறை இதைத் தொட்டுப் பார்த்தது. 2017 மார்ச்சில் பிரதமர் தம் வானொலி உரையில் உணவு விரயத்தைப் பற்றிப் பேசினார். அடுத்த மாதமே நுகர்வோர் துறை அமைச்சராக இருந்த ராம் விலாஸ் பாஸ்வான், உணவகங்களில் பரிமாறும் அளவை வரையறுப்பது பற்றிப் பேசினார். ஒருவர் எத்தனை இறால் உண்ண வேண்டும் என்பதை அரசா முடிவு செய்வது என்று எதிர்ப்பு எழுந்தது; யோசனை சட்டமாகவில்லை. அந்த எதிர்ப்பு சரியானதே என்பது என் எண்ணம். அளவை நிர்ணயிப்பது அரசின் வேலை அன்று. அளவைச் சொல்லச் செய்வது வேறு. இவ்விரண்டையும் ஒன்றாகக் குழப்பியதால்தான் அந்த விவாதம் அப்படியே அடங்கிவிட்டது.

அளவைச் சொல்லச் செய்யும் சட்டங்கள் ஏற்கெனவே நம்மிடம் உள்ளன. ஐந்து ரூபாய் பிஸ்கட் பொட்டலத்தின் மீது நிகர எடை அச்சிடப்பட்டே ஆக வேண்டும். விலை ஏறாமல் எடை குறைந்தால் அதைப் படித்தறிந்து குறைகூறவாவது முடிகிறது. 420 ரூபாய்த் தட்டுக்கு அந்தக் கடமை இல்லை. மைய உரிமம் பெற்ற உணவகங்களும், பத்து அல்லது அதற்கு மேற்பட்ட கிளைகள் கொண்டவையும் பட்டியலில் கலோரியையும் பரிமாறும் அளவையும் குறிக்க வேண்டும் என்று உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2020ஆம் ஆண்டு விதிமுறைகள் சொல்கின்றன. பெருஞ்சங்கிலிகளுக்கு இயன்றது ஒற்றைக் கடைக்கு இயலாதா? கலோரி கணக்கிட ஆய்வகம் வேண்டும், செலவாகும் என்பது உண்மை. ஆனால் 'ஐந்து துண்டு' என்று எழுத ஆய்வகம் எதற்கு?

உணவகத்தார் தரப்பையும் நான் அறிவேன். வாடகை கூடுகிறது, சமையற்காரர் கிடைப்பதில்லை, காய்கறி விலை வாரந்தோறும் மாறுகிறது. அளவை அச்சிட்டுவிட்டால் சூழலுக்கேற்ப மாற்ற முடியாதே என்பது அவர்கள் கவலை. விலையைத் தாளொட்டி மாற்றத் தெரிந்தவர்களுக்கு எண்ணிக்கையை மாற்றத் தெரியாதா? நட்டத்தைச் சமாளிக்க அளவைக் குறைப்பது அவர்களுடைய உரிமை. குறைத்ததைச் சொல்வது அவர்களுடைய கடமை.

புனே உணவகத்தார் நல்ல வழக்கத்துக்குத் தாமாகவே மாறக்கூடியவர்கள் என்பதற்குச் சான்றும் உண்டு. 2018 இறுதியில் தண்ணீர்த் தட்டுப்பாடு வந்தபோது, இந்நகரின் உணவகங்கள் பல குவளையைப் பாதி மட்டுமே நிரப்பி வைத்தன. கேட்டால் மட்டுமே மேலும் ஊற்றின. சட்டமோ தண்டமோ இன்றி, சங்கத்தின் முன்னெடுப்பிலேயே அது நடந்தது. பாதிக் குவளை என்பதை எல்லோரும் கண்ணால் பார்த்தார்கள். அதனால் எவரும் ஏமாந்ததாக உணரவில்லை. சிறுதட்டுக்கும் இதே நேர்மை போதும்.

ஆகவே என் வேண்டுகோள்கள் மூன்று. ஒன்று, பட்டியலில் ஒவ்வொரு பெயருக்கும் எதிரே துண்டுகளின் எண்ணிக்கையோ தோராய எடையோ அச்சிடப்பட வேண்டும். இரண்டு, மேசையில் எத்தனை பேரோ அத்தனை துண்டுகள் கேட்டு வாங்கும் வசதி வேண்டும். ஐந்துக்கு விலை உண்டென்றால் ஆறாவதற்கும் ஒரு விலை இருக்கத்தானே செய்யும்! மூன்றாவது உணவகத்தாருக்கானது அன்று, நமக்கானது. குழுவாகச் செல்லும்போது, அமரும் முன்பே கணக்கைப் பேசிவிடுவோம். 'சமமாகப் பிரிப்போம்' என்பதை இயல்பான விதியாகக் கொள்ளாமல், உதவித்தொகை வருபவர் ஒரு பங்கு கூடுதலாக ஏற்பதை வழக்கமாக்குவோம். மூத்த ஆய்வாளர்களும் பேராசிரியர்களும் இதைத் தொடங்கிவைத்தால் இளையவர்கள் கூசாமல் அமர்வார்கள்.

பந்தியில் பரிமாறுபவர் இலைக்கு இலை ஒரே அளவில் வைத்துச் செல்வார். வேண்டியவர் கேட்பார், வேண்டாதவர் கையால் மறைப்பார். தலைக்கு இவ்வளவு என்று எவரும் தண்டுவதில்லை. சிறுதட்டு மேசையில் தலைக்கு இவ்வளவு என்பது மட்டும் திட்டமாகத் தெரிகிறது; இலைக்கு எவ்வளவு என்பதுதான் தெரிவதில்லை. நீங்கள் வாழும் ஊரில், அளவை எழுதிவைக்கும் சிறுதட்டு உணவகம் ஏதேனும் இருந்தால் கீழே குறிப்பிடுங்கள். எங்கள் குழுவின் அடுத்த ஆய்வேடு ஏற்கப்படும்போது செல்வதற்கு அப்படியோர் இடத்தைத் தேடிக்கொண்டிருக்கிறேன்.