விளையாட்டுக்கு உண்டு, மேடைக்கு ஏன் இல்லை?

மும்பைப் பள்ளி விளையாட்டுச் சங்கம் 1893இல் தொடங்கியது. ஹாரிஸ் கேடயம், ஜைல்ஸ் கேடயம் என்று அது நடத்தும் பள்ளிக் கிரிக்கெட் போட்டிகளும் நூற்றாண்டைத் தாண்டிவிட்டன. 1988 பிப்ரவரியில் ஆசாத் மைதானத்தில் சச்சின் டெண்டுல்கரும் வினோத் காம்ப்ளியும் ஆட்டமிழக்காமல் 664 ஓட்டங்கள் சேர்த்தது ஹாரிஸ் கேடய அரையிறுதியில்தான். இரண்டு பள்ளிச் சிறுவர்களின் ஆட்டம் நாடு முழுக்கத் தெரியவந்ததற்குத் திறமை மட்டும் போதுமானதாக இருந்திருக்காது. தேதி குறித்த அட்டவணை, நடுவர்கள், வயது வரம்பு, ஓட்டக் கணக்கை எழுதிவைக்கும் முறை, எல்லாவற்றையும் தாங்கி நிற்க ஓர் அமைப்பு என்று அத்தனையும் அவர்கள் பிறப்பதற்கு முன்பே அங்கே தயாராக இருந்தன. அதே நகரத்தில் பள்ளிகளுக்கிடையே பேச்சுப் போட்டி, விவாதம், நாடகம், இசை, வினாடி வினா எல்லாம் ஆண்டு முழுவதும் நடக்கின்றன. அவற்றை ஆய்ந்து, தகுதியானவற்றை அங்கீகரித்து, நடப்பதைக் கண்காணிக்க எல்லாப் பள்ளிகளுக்கும் பொதுவான அமைப்பு ஒன்று இல்லை. அது உடனே வேண்டும் என்பதே இத்தலையங்கத்தின் நிலைப்பாடு. மேற்பார்வை என்றால் பலருக்குத் தடை என்றே காதில் விழுகிறது. மேற்பார்வை இல்லாததால்தான் ஏழைப் பிள்ளைக்கு மேடைக் கதவு மூடியே கிடக்கிறது என்பதை நாம் இன்னும் உணரவில்லை.

முதலில் நிர்வாகச் சிக்கலைப் பார்ப்போம். தாராவியில் மாநகராட்சித் தமிழ்ப் பள்ளியில் ஆறாம் வகுப்புப் படிக்கும் மாணவிக்கு மாநகராட்சிக் கல்வி அலுவலர்தான் மேலதிகாரி. மாட்டுங்காவில் அரசு உதவி பெறும் பள்ளியில் ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் மாணவன் மாநிலக் கல்வித் துறையின் ஆய்வாளருக்குக் கீழே வருகிறான். செம்பூரில் ஐ.சி.எஸ்.இ. அல்லது சி.பி.எஸ்.இ. பள்ளியில் படிப்பவனுக்குப் பாடமும் தேர்வும் வேறொரு வாரியத்தின் கையில். மாநகராட்சியின் கணக்கில் இம்மூன்று பகுதிகளும் மூன்று வேறு வார்டுகள். இந்த மூன்று பிள்ளைகளும் ஒரே மேடையில் ஏறினால் அந்தப் போட்டிக்கு யார் பொறுப்பு என்ற கேள்விக்கு இன்று யாரிடமும் முழுமையான விடை இல்லை. மாநில அரசு அறிவியல் கண்காட்சி நடத்துகிறது. ஒன்றிய அரசு 2015 முதல் 'கலா உத்சவ்' நடத்துகிறது. மாநகராட்சியும் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஓவியப் போட்டி வைக்கிறது. ஒவ்வொன்றும் நல்ல முயற்சி. ஆயினும் இந்த அமைப்புகள் தத்தம் நிகழ்ச்சியைத் தாமே நடத்திக்கொள்கின்றன. வெளியார் நடத்தும் போட்டிகள் தரமானவையா, நியாயமானவையா என்று பார்ப்பது அவற்றின் வேலை இல்லை. அந்தச் சுமை முழுவதும் ஒரு தலைமை ஆசிரியரின் மேசைமீது வந்து விழுகிறது. அவர் கையில் இருப்பது அழைப்புக் கடிதம் ஒன்றுதான்.

இந்த வெற்றிடத்தில் முதலில் நுழைந்தது வணிகம். செம்பூரை அடுத்த மான்குர்தில் இருக்கும் ஹோமி பாபா அறிவியல் கல்வி மையம், டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் அங்கம். நாட்டின் அறிவியல், கணித ஒலிம்பியாட் திட்டத்தை ஒருங்கிணைத்து, பன்னாட்டுப் போட்டிகளுக்கு இந்திய அணிகளைத் தயார் செய்வது அதுதான். ஆனால் 'ஒலிம்பியாட்' என்ற பெயரைத் தாங்கிப் பள்ளிகள் வழியாகவே கட்டணம் வசூலிக்கும் தனியார் தேர்வுகள் பல இருக்கின்றன. எது எந்தத் தரத்தது என்று பிரித்துச் சொல்லப் பெற்றோருக்கு ஒரு பட்டியல்கூடக் கிடையாது. கூலி வேலைக்குப் போகும் ஒரு தாய், பள்ளி கொடுத்த தாள் என்பதாலேயே நம்பிப் பணம் கட்டுகிறார். போட்டி முடிந்ததும் பதிவுப் படிவத்தில் எழுதிய கைபேசி எண்ணுக்குப் பயிற்சி வகுப்பு விளம்பரம் வருவதைத் தடுக்கவும் யாருமில்லை. 18 வயதுக்குட்பட்டவரின் தகவலைப் பயன்படுத்தப் பெற்றோரின் ஒப்புதல் வேண்டும் என்று 2023ஆம் ஆண்டின் தரவுப் பாதுகாப்புச் சட்டம் சொல்கிறது. பள்ளியின் பெயரில் நடக்கும் போட்டியில் அதைச் சரிபார்க்கும் பொறுப்பை யாராவது ஏற்க வேண்டாமா?

வணிகத்தைவிட ஆழமான காயம் சமமின்மை. சண்முகானந்தா சபாவும், செம்பூர் பைன் ஆர்ட்ஸும், மைசூர் அசோசியேஷனும் இருக்கும் பகுதியில் தமிழ்ப் பிள்ளைகளுக்கு மேடைக்குப் பஞ்சமில்லை என்று தோன்றலாம். மாட்டுங்காவின் பெரிய மேடைகளிலிருந்து தாராவி நடந்து போகும் தூரம்தான். அந்தத் தூரத்தைக் கடக்கப் பிள்ளைக்குத் தேவைப்படுபவை பல: நுழைவுக் கட்டணம், வாடகை உடை, வண்டிச் செலவு, கூட வர ஓர் ஆசிரியர், எல்லாவற்றுக்கும் முதலில் ஓர் அழைப்பு. அழைப்புகள் பழக்கத்தின் வழியே போகின்றன. போன ஆண்டு வந்த பள்ளிக்குத்தான் இந்த ஆண்டும் கடிதம் போகும். மொழியும் குறுக்கே நிற்கிறது. மராத்தி, இந்தி, உருது, குஜராத்தி, ஆங்கிலம், தமிழ், தெலுங்கு, கன்னடம் என்று எட்டு மொழிகளில் பள்ளி நடத்தும் மும்பையைப் போன்ற மாநகராட்சி இந்தியாவில் அரிது. ஆங்கிலத்திலும் மராத்தியிலும் மட்டும் நடக்கும் ஒரு 'நகர அளவு' பேச்சுப் போட்டியில் தமிழ்வழி மாணவி தோற்பதில்லை. அவள் போட்டிக்குள்ளேயே வருவதில்லை. நகரத்தின் பெயரைப் பயன்படுத்தும் போட்டி நகரத்தின் பிள்ளைகள் அனைவருக்கும் திறந்திருக்க வேண்டும் என்று விதி வகுக்க ஓர் அமைப்பு இருந்தால்தான் இந்த அநீதி முதலில் கண்ணுக்கே தெரியும்.

பாதுகாப்பைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். 2024 ஜனவரியில் வதோதராவின் ஹர்ணி ஏரியில் பள்ளிச் சுற்றுலா வந்தவர்கள் சென்ற படகு கவிழ்ந்து 12 மாணவர்களும் 2 ஆசிரியைகளும் இறந்தார்கள். அளவுக்கு மீறி ஆளேற்றியதும், எல்லோருக்கும் உயிர்காப்பு உடை தராததும் பிறகுதான் வெளிவந்தன. அதே ஆண்டு ஆகஸ்டில் பத்லாப்பூர்ப் பள்ளியில் சிறுமிகளுக்கு நேர்ந்த கொடுமைக்குப் பின், பள்ளிகளில் கண்காணிப்புக் கேமரா, ஊழியர் பின்னணிச் சரிபார்ப்பு என்று மகாராஷ்டிர அரசு உத்தரவிட்டது. இந்த உத்தரவுகளின் பார்வை பள்ளி வளாகத்தின்மீது இருக்கிறது. போட்டிக்காகப் பிள்ளைகள் வாயிற்கதவைத் தாண்டி வேறொரு கட்டடத்துக்குப் போய், முன்பின் அறியாத பெரியவர்களோடு நாள் முழுவதும் இருக்கும்போது, அரங்கத்தின் அவசர வழி, உடை மாற்றும் அறை, உடன் வரும் ஆசிரியை, திரும்பும் நேரம் ஆகியவற்றை நிகழ்ச்சிக்கு முன்பே பார்த்து ஒப்புதல் தருபவர் யார்? விபத்து நடந்த பிறகு விசாரணைக் குழு அமைப்பது அரசுகளுக்குப் பழகிப்போன காரியம். முன்கூட்டியே பார்ப்பதற்குத்தான் இங்கே ஏற்பாடு இல்லை.

செய்ய முடியுமா என்று கேட்பவர்கள் கேரளத்தைப் பார்க்கலாம். 1957இல் எர்ணாகுளத்தில் சிறிய அளவில் தொடங்கிய கேரளப் பள்ளிக் கலோத்சவம், பள்ளி, துணை மாவட்டம், மாவட்டம், மாநிலம் என்று படிப்படியாக ஏறும் பெருவிழாவாக வளர்ந்திருக்கிறது. அச்சிட்ட விதிநூல், நடுவர் தேர்வு முறை, மேல்முறையீடு எல்லாம் அதற்கு உண்டு. 2025 ஜனவரியில் திருவனந்தபுரத்தில் நடந்த விழாவில் இருளர் நடனம், பணியர் நடனம் உள்ளிட்ட ஐந்து பழங்குடிக் கலைகள் போட்டிப் பட்டியலில் சேர்ந்தன. எது போட்டியாகலாம் என்று முடிவெடுக்க ஓர் அமைப்பு இருந்ததால்தான் விட்டுப்போனவர்களைச் சேர்க்க முடிந்தது. தமிழ்நாட்டில் 2022–23 முதல் நடக்கும் கலைத் திருவிழாவும் பள்ளி மட்டத்திலிருந்து மாநில மேடைவரை அரசுப் பள்ளிப் பிள்ளைகளை அழைத்துவருகிறது. அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் பள்ளிப் போட்டிகளை மேற்பார்க்கும் கழகத்தின் வேர் 1910இல் தொடங்கிய உயர்நிலைப் பள்ளி விவாதக் கழகத்தில் இருக்கிறது. விளையாட்டு பிறகு வந்து சேர்ந்தது. அங்கே மாணவர் எண்ணிக்கையைக் கொண்டு பள்ளிகளைப் பிரிவு பிரிவாக வகுத்துப் போட்டியிட வைக்கிறார்கள். சிற்றூர்ப் பள்ளி பெருநகரப் பள்ளியோடு முதல் சுற்றிலேயே மோத வேண்டியதில்லை. வசதியின் அடிப்படையில் இதே போன்ற பிரிவுகளை மும்பையும் வகுக்கலாம்.

எதிர்ப்புகள் வரும், அவற்றில் சில நியாயமானவை. ஏற்கெனவே காகிதத்தில் மூழ்கிய ஆசிரியர்மேல் இன்னொரு அனுமதிச் சீட்டா என்பது முதல் கேள்வி. இன்று ஒவ்வொரு தலைமை ஆசிரியரும் ஒவ்வொரு அழைப்பையும் தனித்தனியே விசாரித்து முடிவெடுக்க வேண்டியிருக்கிறது. நடத்துபவர் ஆண்டுக்கு ஒருமுறை விண்ணப்பித்து, தகுதி பெற்றால் பட்டியலில் இடம்பெறுவார் என்று வைத்தால், எல்லாப் பள்ளிகளின் வேலையும் ஒரே இடத்தில் முடிந்துவிடும். அமெரிக்க இடைநிலைப் பள்ளி முதல்வர்களின் தேசியச் சங்கம் மாணவர் போட்டிகளை ஆய்ந்து நெடுங்காலம் பரிந்துரைப் பட்டியல் வெளியிட்டிருக்கிறது. மும்பையிலேயே அறிவியல் ஆசிரியர்களின் சங்கம் ஒன்று 1981 முதல் டாக்டர் ஹோமி பாபா பால விஞ்ஞானிப் போட்டியை எழுத்து, செய்முறை, செயல்திட்டம் எனக் கட்டம் கட்டமாக நடத்திவருகிறது. ஆசிரியர்களே ஒன்றுகூடினால் எவ்வளவு செய்யலாம் என்பதற்கு வெளியூர்ச் சான்று தேவையில்லை.

இரண்டாவது அச்சம் தணிக்கை. அதை நாம் முழுமையாகப் பகிர்ந்துகொள்கிறோம். நாடகப் பிரதியை முன்கூட்டியே ஆராயும் வாரியம் உள்ள மாநிலம் இது. நாடகாசிரியர் விஜய் டெண்டுல்கரின் 'சகாராம் பைண்டர்' 1970களில் தடையை எதிர்த்து உயர் நீதிமன்றம்வரை போய்த்தான் மீண்டும் மேடை ஏறியது. மொழி இங்கே எவ்வளவு சூடான விஷயம் என்பதை, 2025 ஜூனில் தொடக்கப் பள்ளி இந்தி பற்றிய ஆணைகளை அரசே திரும்பப் பெற்றுக்கொண்டது காட்டியது. ஆகவே எல்லைக்கோட்டை அமைப்பு விதியிலேயே எழுதிவிட வேண்டும். பிள்ளை எந்த மொழியில் பேசுகிறாள், எந்தப் பக்கம் நின்று வாதாடுகிறாள், நாடகம் என்ன சொல்கிறது என்பதில் இந்த அமைப்புக்கு அதிகாரம் இருக்கக் கூடாது. கட்டணம், நடுவர், பாதுகாப்பு, தேதி, நுழைவு உரிமை ஆகிய ஐந்தோடு அதன் அதிகாரம் நிற்க வேண்டும். எழுதிவைத்த விதி இல்லாத இடத்தில் தணிக்கை மறைந்துவிடுவதில்லை. யாரோ ஒருவரின் தொலைபேசி அழைப்பில் அது நடந்துவிடுகிறது.

மூன்றாவது எதிர்ப்பு இன்னும் கடினமானது: மேற்பார்க்கும் அமைப்பே கெட்டுப்போனால்? கெட்டிருக்கிறது. 2018இல் திருச்சூர்க் கலோத்சவத்தில் குழந்தைகள் உரிமை ஆணையத்தின் பெயரில் போலி உத்தரவுகள் தயாரித்துப் பிள்ளைகளைப் போட்டியில் நுழைத்ததாக வழக்கும் கைதுகளும் வந்தன. கலைக்குக் கருணை மதிப்பெண் கிடைக்கும் இடத்தில் பெற்றோரின் ஆசை எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு அது சான்று. டெக்சாஸ் கழகமோ 1960களின் நடுப்பகுதிவரை கறுப்பின மாணவர்களின் பள்ளிகளைச் சேர்த்துக்கொள்ளவே இல்லை. அவர்கள் தனிக் கழகம் நடத்த வேண்டியிருந்தது. இந்த இரண்டு கதைகளும் அமைப்பே வேண்டாம் என்று சொல்லவில்லை, அமைப்பை எப்படிக் கட்ட வேண்டும் என்று சொல்கின்றன. போலி உத்தரவு பிடிபட்டதற்கே ஒப்பிட்டுப் பார்க்க உண்மையான பதிவு இருந்ததுதான் காரணம். நடுவர்களின் மதிப்பெண் தாளைப் பங்கேற்ற ஒவ்வொரு பள்ளிக்கும் தருவது, நடுவரின் உறவினரோ மாணவரோ போட்டியில் இருந்தால் அவர் விலகுவது, மேல்முறையீட்டைக் கட்டணமின்றி அன்றே தீர்ப்பது என்பவை செலவில்லாத காப்புகள். மகாராஷ்டிரமும் சாஸ்திரியக் கலை, நாட்டுப்புறக் கலை, ஓவியத் தேர்வு ஆகியவற்றுக்குப் பத்தாம் வகுப்பில் கூடுதல் மதிப்பெண் தருகிறது. மதிப்பெண் பாயும் இடத்தில் காவல் இல்லாமல் விடுவது ஏமாற்றுபவருக்கு அழைப்பு அனுப்புவதற்குச் சமம்.

கடைசியாக, சபாக்களும் தமிழ்ச் சங்கங்களும் அன்போடு நடத்தும் சிறிய திருக்குறள் போட்டிகள் இதில் நசுங்கிவிடக் கூடாது என்ற கவலை. நுழைவுக் கட்டணம் வாங்காத, ஓரிரு பள்ளிகள் மட்டும் கலந்துகொள்ளும் நிகழ்ச்சிகளுக்கு விண்ணப்பமே வேண்டாம். பாதுகாப்பு விவரத்தை முன்னரே தெரிவித்தால் போதும். பட்டியலில் சேர்வதால் இச்சங்கங்களுக்கு நன்மையே அதிகம். இன்று அவர்களின் அறிவிப்பு எட்டாத மாநகராட்சிப் பள்ளிகளுக்கெல்லாம் அது பட்டியல் வழியாகப் போய்ச் சேரும்.

எனவே நமது கோரிக்கை இது. மாநகராட்சிக் கல்வி அலுவலர், மாநிலக் கல்வித் துறையின் மும்பை ஆய்வாளர்கள், பள்ளிகள் தாமே தேர்ந்தெடுக்கும் தலைமை ஆசிரியர்கள் ஆகியோர் அமர்ந்த குழு ஒன்றை அடுத்த கல்வியாண்டு தொடங்கும் முன் அமைக்க வேண்டும். எட்டு மொழிவழிப் பள்ளிகளுக்கும் அதில் இடம் வேண்டும். எல்லா வாரியப் பள்ளிகளும் உறுப்பினராகலாம். அங்கீகரித்த போட்டிகளின் பட்டியலை ஜூன் மாதம் பள்ளி திறக்கும்போதே எட்டு மொழிகளிலும் வெளியிட வேண்டும். மாநகராட்சிப் பிள்ளைகளுக்கு நுழைவுக் கட்டணம் இருக்கக் கூடாது. அவர்களின் வண்டிச் செலவை மாநகராட்சியே ஏற்க வேண்டும். புத்தகம், சீருடை, காலணி என்று 27 பொருள்களை இலவசமாகத் தரும் மாநகராட்சிக்கு இது பெரிய சுமையன்று. பாடத்துக்கும் பாடத்துக்கு வெளியே உள்ளதற்கும் இடையே சுவர் வேண்டாம் என்று 2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை சொல்லி ஆண்டுகள் ஓடிவிட்டன. பேசவும் பாடவும் நடிக்கவும் ஆராயவும் தெரிந்த பிள்ளை, பிறந்த தெருவின் காரணமாக அறியப்படாமல் போனால் இழப்பு அந்தப் பிள்ளைக்கு மட்டும் இல்லை, மும்பைக்கும்தான். நியாயமான போட்டி தானாக முளைத்து வராது. அதை நடத்தித் தரும் கடமையை மாநகராட்சியும் மாநில அரசும் சேர்ந்து ஏற்க வேண்டும்.