பத்து நிமிடத்தின் விலை என்ன? திண்டிவனம் - விழுப்புரம் சாலையில் பைக் விபத்துகளும் தப்பிக்கும் வழிகளும்

வெள்ளிக்கிழமை மாலை ஆபீஸ் முடிந்ததும், முதுகில் பையை மாட்டிக்கொண்டு பெருங்களத்தூரைத் தாண்டும் பைக்குகளை எண்ணி முடியாது. ரயிலில் வெயிட்டிங் லிஸ்ட், அரசு பஸ்ஸில் நிற்கக்கூட இடமில்லை, ஆம்னி பஸ் டிக்கெட் விலையைக் கேட்டாலே தலை சுற்றுகிறது. ‘நூத்தி அறுபது கிலோமீட்டர்தானே, மூணு மணி நேரத்துல விழுப்புரம் போயிடலாம்’ என்று வண்டியை எடுத்துவிடுகிறார்கள். தீபாவளி, பொங்கல் என்றால் இந்தக் கூட்டம் பல மடங்கு.

செங்கல்பட்டு, மேல்மருவத்தூர் என்று நெரிசலில் ஊர்ந்து வந்தவர்களுக்குத் திண்டிவனம் தாண்டியதும் சாலை திறந்துவிடுகிறது. புதுச்சேரி போகும் வண்டிகளும் திருவண்ணாமலை போகும் வண்டிகளும் அங்கேயே பிரிந்துவிடும். மிச்சம் இருப்பது விழுப்புரம் வரை சுமார் 40 கி.மீ. நான்கு வழிச்சாலை. கை தானாகவே ஆக்ஸிலரேட்டரை முறுக்கும்.

இங்கே ஒரு சின்னக் கணக்கு. 40 கி.மீ. தூரத்தை மணிக்கு 80 கி.மீ. வேகத்தில் போனால் 30 நிமிடம். 60 கி.மீ. வேகத்தில் போனால் 40 நிமிடம். மிச்சமாவது பத்தே நிமிடம். இந்தச் சாலையில் பைக் விபத்து எப்படி நடக்கிறது என்று ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தால், பெரும்பாலும் அடியில் இருப்பது இந்தப் பத்து நிமிட அவசரம்தான்.

எண்கள் என்ன சொல்கின்றன?

மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் 2022-ம் ஆண்டு அறிக்கைப்படி, அந்த ஓராண்டில் நாடு முழுவதும் சாலை விபத்துகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அவர்களில் 44.5 சதவீதம் பேர் இருசக்கர வாகனத்தில் போனவர்கள். விபத்துகளின் எண்ணிக்கையில் தமிழ்நாடுதான் முதலிடம்: 64,105. உயிரிழப்பில் உத்தரப் பிரதேசத்துக்கு அடுத்த இடம்: 17,884 பேர்.

இன்னொரு எண்ணும் முக்கியம். நாட்டின் மொத்தச் சாலை நீளத்தில் தேசிய நெடுஞ்சாலைகளின் பங்கு சுமார் 2 சதவீதம்தான். ஆனால், 2022-ல் சாலையில் இறந்தவர்களில் 36 சதவீதம் பேர் தேசிய நெடுஞ்சாலைகளில் இறந்திருக்கிறார்கள். நல்ல ரோடு என்றால் பாதுகாப்பான ரோடு என்று பொருள் இல்லை.

காரணம் 1: ஒரே சாலை, இரண்டு உலகம்

திண்டிவனம் - விழுப்புரம் சாலை காருக்கும் லாரிக்கும் நெடுஞ்சாலை. கூட்டேரிப்பட்டு, விக்கிரவாண்டி, முண்டியம்பாக்கம் பக்கம் இருப்பவர்களுக்கு அதுவே ஊர்த் தெரு. பால் ஊற்றப் போகிறவர், மகளைப் பள்ளியில் விடுகிறவர், கொல்லைக்குப் போகிறவர் எல்லாருக்கும் அதைக் கடந்தாக வேண்டும். மயிலம் சாலை பிரியும் கூட்டேரிப்பட்டு, கும்பகோணம் சாலை பிரியும் விக்கிரவாண்டி போன்ற கூட்டு ரோடுகளில் இந்த இரண்டு உலகமும் ஒன்றையொன்று சந்திக்கின்றன.

சரியான பக்கத்தில் போய் யூ-டர்ன் எடுக்க வேண்டுமென்றால் ஒன்று, இரண்டு கிலோமீட்டர் சுற்ற வேண்டியிருக்கும். ‘இதோ, பக்கத்துல பங்க் வரைக்கும்தானே’ என்று எக்ஸ்எல் வண்டி எதிர்த்திசையில் வருகிறது. அவர் 30 கி.மீ. வேகத்திலும் நீங்கள் 70 கி.மீ. வேகத்திலும் வந்தால், இருவரும் நெருங்கும் வேகம் மணிக்கு 100 கி.மீ. இடையில் 50 மீட்டர் இருக்கும்போது அவரைப் பார்த்தால், உங்கள் கையில் இருப்பது இரண்டு நொடிகூட இல்லை.

தப்பிக்கும் வழி: ஊர்ப் பெயர்ப் பலகை, டீக்கடை விளக்கு, தடுப்புச்சுவரில் இடைவெளி, பஸ் நிறுத்தம் இவற்றில் எதைக் கண்டாலும் ஆக்ஸிலரேட்டரைக் குறைத்து பிரேக் மேல் விரலை வையுங்கள். இடது ஓரத்தை ஒட்டிப் போவதுதான் பாதுகாப்பு என்று பலர் நினைக்கிறார்கள். எதிர்த்திசையில் வருகிறவரும், பழுதாகி நிற்கும் லாரியும், மணலும் இருப்பது அந்த ஓரத்தில்தான். இடது லேனின் நடுப்பகுதியில் போனால் இரண்டு பக்கமும் ஒதுங்க இடம் இருக்கும்.

உள்ளூர்க்காரர்களுக்கும் ஒரு வார்த்தை. எதிர்த்திசையில் மிச்சமாவது ஐந்து நிமிடம். இருட்டில் அந்த ஐந்து நிமிடத்துக்குள் என்ன வேண்டுமானாலும் நடக்கலாம். வண்டியை நிறுத்தி, தள்ளிக்கொண்டு கடப்பது எவ்வளவோ மேல்.

காரணம் 2: பார்க்கும் தூரத்தைவிட நிற்கும் தூரம் அதிகம்

இரவு விபத்துகளின் சூட்சுமம் இதுதான். ஆபத்தைக் கண்டு பிரேக் பிடிப்பதற்குள் ஏறக்குறைய ஒன்றரை நொடி ஓடிவிடும். அந்த நேரத்திலும் வண்டி ஓடிக்கொண்டுதான் இருக்கும். பிறகுதான் பிரேக் வேலை செய்யும். காய்ந்த சாலையில், நல்ல டயரோடு, ஒரு பைக் நிற்க ஆகும் மொத்த தூரம் தோராயமாக இப்படி:

40 கி.மீ. வேகத்தில்: 27 மீட்டர்
60 கி.மீ. வேகத்தில்: 48 மீட்டர்
80 கி.மீ. வேகத்தில்: 74 மீட்டர்

சாதாரண பைக்கின் லோ பீம் வெளிச்சத்தில், ரிஃப்ளெக்டர் இல்லாத ஒரு பொருள் 40, 50 மீட்டருக்குள் வந்தால்தான் தெளிவாகத் தெரியும். எதிரே வரும் வண்டியின் ஹை பீம் கண்ணில் அடித்தால் அதுவும் இல்லை. அதாவது, இரவில் 80 கி.மீ. வேகத்தில் போகிறவர் தன் கண்ணுக்குத் தெரியாத இடத்தை நம்பிப் போகிறார். 50 மீட்டரில் ஒரு லாரி நிற்பதைப் பார்த்து உடனே பிரேக் பிடித்தாலும், மோதும்போது வண்டி இன்னும் சுமார் 60 கி.மீ. வேகத்தில் இருக்கும்.

விழுப்புரம் பக்கம் இது வெறும் பாடப்புத்தகக் கணக்கு இல்லை. கரும்பு வெட்டும் பருவத்தில், பின்விளக்கு தெரியாமல் சோகை தொங்கிக்கொண்டு டிராக்டர் டிரெய்லர்கள் இரவில் ஊர்ந்து போகும். டிரைவர் தூங்குவதற்காகச் சாலையோரம் நிறுத்திய லாரிகள் இருக்கும். கிளைச் சாலைகளில் உளுந்து, மணிலா காயவைத்து, சுற்றிலும் கல் அடுக்கி வைத்திருப்பார்கள். பொழுது சாய்ந்தபின் அந்தக் கற்கள் அங்கேயே கிடக்கும்.

தப்பிக்கும் வழி: இரவில் 60-க்கு மேல் போகாதீர்கள். மழை என்றால் இன்னும் குறையுங்கள். முன்னால் போகும் வண்டிக்கும் உங்களுக்கும் குறைந்தது மூன்று நொடி இடைவெளி வையுங்கள். முன்வண்டி ஒரு விளக்குக் கம்பத்தைக் கடந்ததும் ‘ஆயிரத்து ஒண்ணு, ஆயிரத்து ரெண்டு, ஆயிரத்து மூணு’ என்று எண்ணுங்கள். எண்ணி முடிப்பதற்குள் நீங்களும் அந்தக் கம்பத்தைத் தாண்டிவிட்டால், ரொம்ப நெருக்கத்தில் போகிறீர்கள்.

காரணம் 3: தூக்கம்

காரில் டிரைவர் கண்ணயர்ந்தால் பக்கத்தில் இருப்பவர் தட்டி எழுப்பலாம். பைக்கில் அதற்கு வழியில்லை. நாள் முழுக்க வேலை பார்த்துவிட்டு, ராத்திரி பதினொரு மணிக்குக் கிளம்பி, நேரான சாலையில் ஒரே வேகத்தில் ஓட்டும்போது மூளை தானாக மங்கும். நள்ளிரவு தாண்டி விடியற்காலை வரை உடம்பு தூக்கம் கேட்கும் நேரம். ‘கடைசி அரை கிலோமீட்டர் எப்படி வந்தோம்னே தெரியல’ என்று தோன்றினால், அது ஏற்கெனவே தூங்கத் தொடங்கிவிட்டதன் அடையாளம்.

தப்பிக்கும் வழி: முகம் கழுவுவது, பாட்டு கேட்பது எல்லாம் சில நிமிடங்களுக்குத்தான். டீ குடித்துவிட்டு, வெளிச்சமான இடத்தில் வண்டியை நிறுத்தி, இருபது நிமிடம் கண்ணை மூடுங்கள். முடிந்தால் ராத்திரிப் பயணத்தையே தவிர்த்து, விடிந்தபின் கிளம்புங்கள். விழுப்புரம் தமிழ்நாட்டின் பெரிய ரயில்வே சந்திப்புகளில் ஒன்று. வண்டியை சென்னையில் விட்டுவிட்டு ரயில் ஏறுவது கௌரவக் குறைச்சல் ஒன்றும் இல்லை.

காரணம் 4: பிரேக்கும் டயரும்

‘முன் பிரேக் பிடிச்சா தூக்கி அடிச்சிடும்’ என்று சொல்லிக்கொடுத்தே பலரை வளர்த்திருக்கிறோம். உண்மையில், நேராகப் போகும் பைக்கை நிறுத்தும் சக்தியில் பெரும்பங்கு முன் பிரேக்கில்தான் இருக்கிறது. பின் பிரேக்கை மட்டும் மிதித்தால் சக்கரம் வழுக்கும், நிற்கும் தூரமும் கூடும். இரண்டையும் சேர்த்து, திடீரென்று அல்லாமல் அழுத்தத்தைக் கூட்டிக்கொண்டே பிடிக்க வேண்டும். வளைவிலும் மணலிலும் பிடிப்பதைவிட, அதற்கு முன்பே வேகத்தைக் குறைத்துவிடுவது நல்லது.

2019 ஏப்ரல் முதல், 125 சிசி-க்கு மேற்பட்ட புதிய பைக்குகளுக்கு ஏபிஎஸ் கட்டாயம். அதற்குக் கீழே உள்ளவற்றுக்கு இரண்டு பிரேக்கும் சேர்ந்து பிடிக்கும் சிபிஎஸ் இருந்தால் போதும் என்பது அப்போதைய விதி. ஆனால், ஏபிஎஸ் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ளுமே தவிர, மொட்டை டயருக்குப் பிடிமானம் கொடுக்காது. கிளம்பும் முன் டயர் காற்று, செயின், ஹெட்லைட், பின்விளக்கு நான்கையும் பார்க்க ஐந்து நிமிடம் போதும்.

காரணம் 5: பின்னால் உட்காருபவர்

2022-ல் ஹெல்மெட் போடாமல் இறந்தவர்கள் நாடு முழுவதும் 50,029 பேர். அதில் 14,337 பேர் பின்னால் உட்கார்ந்திருந்தவர்கள். தமிழ்நாட்டில் ஓட்டுபவர், உடன் செல்பவர் இருவருக்கும் ஹெல்மெட் 2015 ஜூலை முதல் கட்டாயம். ஆனாலும், கணவன் தலையில் ஹெல்மெட், மனைவி தலையில் மல்லிப்பூ, பெட்ரோல் டேங்க்கில் குழந்தை என்ற காட்சி மாறவில்லை. மோட்டார் வாகனச் சட்டப்படி நான்கு வயதுக்கு மேற்பட்ட எல்லாருக்கும் ஹெல்மெட் வேண்டும். ஓட்டுபவரைத் தவிர ஒருவர்தான் ஏறலாம்.

ஐஎஸ்ஐ முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். தாடைக்குக் கீழே பட்டை பூட்டாத ஹெல்மெட், விழும் முன்பே கழன்று ஓடிவிடும். புடவை முந்தானையும் துப்பட்டாவும் சக்கரத்தில் சிக்கி நடக்கும் விபத்துகள் நம் ஊரில் புதிதல்ல. சட்டப்படி வைத்திருக்க வேண்டிய பின்சக்கரத் தடுப்பைக் கழற்றாதீர்கள். ஏறும் முன் முந்தானையை இடுப்பில் செருகிக்கொள்ளச் சொல்லுங்கள்.

குடித்துவிட்டு ஓட்டுவது, போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவே செருகிப் பேசுவது பற்றித் தெரியாதவர் யாரும் இல்லை. 60 கி.மீ. வேகத்தில் மூன்று நொடி போனைப் பார்த்தால், 50 மீட்டர் கண்ணை மூடிக்கொண்டு ஓட்டியதற்குச் சமம். மேப் பார்க்க வேண்டுமா? ஓரங்கட்டிப் பாருங்கள்.

விபத்து நடந்துவிட்டால்?

முதல் ஒரு மணி நேரம் பொன்னானது. 108-க்கு அழையுங்கள். தேசிய நெடுஞ்சாலை உதவி எண் 1033. அடிபட்டவரின் ஹெல்மெட்டை அவசரப்பட்டு இழுக்காதீர்கள். கழுத்து எலும்பில் அடி இருக்கலாம். தண்ணீர் கொடுக்க வேண்டாம். ரத்தம் வழியும் இடத்தைச் சுத்தமான துணியால் அழுத்திப் பிடியுங்கள். இந்தச் சாலையிலேயே முண்டியம்பாக்கத்தில் விழுப்புரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது.

தமிழக அரசின் ‘இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48’ திட்டம் 2021 டிசம்பர் 18 அன்று இதே சாலையில் உள்ள மேல்மருவத்தூரில்தான் தொடங்கப்பட்டது. அடிபட்டவர் எந்த மாநிலத்தவராக இருந்தாலும், திட்டத்தில் சேர்ந்த மருத்துவமனைகளில் முதல் 48 மணி நேர சிகிச்சைக்குப் பணம் கேட்க மாட்டார்கள்.

‘உதவப் போய் போலீஸ், கோர்ட்டுன்னு அலையணுமா?’ என்ற பயமும் வேண்டாம். உதவி செய்பவர்களைப் பாதுகாக்கும் நெறிமுறைகளை உச்ச நீதிமன்றம் 2016-லேயே உறுதி செய்தது. 2019 சட்டத் திருத்தத்தில் அது சட்டமாகவே சேர்ந்துவிட்டது. உங்கள் பெயரைச் சொல்லும்படி யாரும் கட்டாயப்படுத்த முடியாது.

ஓட்டுபவர் மட்டும் பொறுப்பா?

இல்லை. எதிர்த்திசையில் வருபவரைத் திட்டுவது எளிது. ஆனால், சர்வீஸ் சாலை பாதியிலேயே முடிந்துபோனால், சுரங்கப்பாதை தூரத்தில் இருந்தால், அவர் வேறு எப்படி வருவார்? ஊருக்கு ஊர் தொடர்ச்சியான சர்வீஸ் சாலை, கடக்கும் இடங்களில் எரியும் விளக்கு, லாரிகள் நிற்கத் தனி இடம், கரும்பு டிரெய்லர்களுக்குக் கட்டாய ரிஃப்ளெக்டர் இவற்றைச் செய்து தருவது அரசின் வேலை. ஹெல்மெட்டுக்கு ஆயிரம் ரூபாய் அபராதம் போடும் அதே அக்கறை, இரவில் விளக்கில்லாமல் நிற்கும் லாரியிடமும் காட்டப்பட வேண்டும்.

அதெல்லாம் நடக்கும்வரை, கையில் இருக்கும் ஆக்ஸிலரேட்டர் மட்டும்தான் நம் வசம். அடுத்த முறை ஊருக்குக் கிளம்பும்போது வீட்டுக்கு ஒரு போன் போட்டு, ‘பத்து நிமிஷம் லேட்டாகும், சாப்பிட்டுட்டு இருங்க’ என்று சொல்லிவிட்டு வண்டியை எடுங்கள். யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.