அந்த டிரம்முக்குள் முன்பு என்ன இருந்தது?

சென்னையில் பொழுது சாய்ந்தால் போதும். தெருமுனைக்குத் தெருமுனை புகை கிளம்பி விடுகிறது! இரும்பு டிரம்மைப் பாதியாக அறுத்து, நாலு கால் வைத்து, கரியைக் கொட்டி, மேலே கம்பி வலை போட்டால் கிரில் அடுப்பு தயார். தந்தூரி அடுப்புக்கும் பல கடைகளில் வெளிச்சட்டை அதே டிரம்தான். உள்ளே மண் பானை, சுற்றிலும் டிரம்.

இந்த ஆசை இப்போது வீட்டு மொட்டை மாடிக்கும் ஏறிவிட்டது. செல்போனில் படம் பார்த்துவிட்டு, "நாமும் ஒரு புகை அடுப்பு செஞ்சா என்ன?" என்று இளைஞர்கள் கிளம்பி விட்டார்கள். டிரம்மின் அடியில் கரி, மேலே கறி. மூடியைப் போட்டு, 110 முதல் 130 டிகிரி சூட்டில் மணிக்கணக்காகப் புகையிலேயே வேக வைப்பது. ருசியைப் பற்றி நமக்குத் தகராறு இல்லை. கோழியோ, வஞ்சிரமோ, சாப்பிட்டவர்கள் சொல்லட்டும்.

நாம் கேட்பது ஒரே ஒரு கேள்வி. அந்த டிரம்முக்குள் முன்பு என்ன இருந்தது?

"ஆயில்தான் சார்!"

காயலான் கடையில் போய்க் கேட்டுப் பாருங்கள். "ஆயில் டிரம்தான் சார். சுத்தமா கழுவி வச்சிருக்கு. தைரியமா எடுத்துக்கினு போங்க" என்பார் கடைக்காரர்.

என்ன ஆயில்? கடலை எண்ணெயும் ஆயில்தான். லாரியில் இருந்து வடித்த கழிவு எண்ணெயும் ஆயில்தான். அவர் பொய் சொல்கிறார் என்று நான் சொல்ல வரவில்லை. நாலு கை மாறி வந்த சரக்கு. அவருக்கே தெரியாமல் இருக்கலாம். அதனால்தான் வாங்குகிறவர் கண்ணைத் திறந்து பார்க்க வேண்டும் என்கிறேன்.

டிரம்மின் மேல் ஒட்டிய சீட்டைப் பாருங்கள். சாய்சதுரக் கட்டத்துக்குள் தீச்சுவாலையோ, மண்டை ஓடோ, அரிக்கும் திரவமோ படமாக இருந்தால் தொடாதீர்கள். சீட்டைச் சுரண்டி எடுத்திருந்தாலும், பழைய டிரம்முக்குப் புது வர்ணம் பூசியிருந்தாலும் வேண்டாம். மறைக்க வேண்டிய சங்கதி ஏதோ இருந்திருக்கிறது! பூச்சி மருந்து, தின்னர், பிசின் இவை இருந்த டிரம் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் சமையலுக்கு ஆகாது. சிலர் மூடியைத் திறந்து தலையை உள்ளே விட்டு மோந்து பார்க்கிறார்கள். அந்த வேலையே கூடாது. விஷ ஆவி நேராக நெஞ்சுக்குப் போகும்.

நிருபர் கொடுத்த டிரம்

இந்த 200 லிட்டர் டிரம்முக்கும் பத்திரிகைக்கும் ஒரு சொந்தம் உண்டு! 1889-90ல் 72 நாட்களில் உலகத்தைச் சுற்றி வந்து பெயர் வாங்கிய அமெரிக்கப் பெண் நிருபர் நெல்லி பிளை. பிற்பாடு அவர் நடத்திய இரும்புச் சாமான் கம்பெனியில்தான் இந்த மாதிரி உருக்கு டிரம் உருவானது. அங்கே வேலை பார்த்த ஹென்றி வெர்ஹான் பெயரில் 1905ல் காப்புரிமை ஆயிற்று. நிற்க.

டிரம்மில் இரண்டு ஜாதி உண்டு. ஒன்று, தலை மூடிய டிரம். மேலே ஒரு பெரிய ஓட்டை, ஒரு சின்ன ஓட்டை, இரண்டுக்கும் திருகு மூடி. இன்னொன்று, தலை திறந்த டிரம். மேல் மூடி முழுசாகக் கழன்று வரும், ஒரு வளையம் போட்டு இறுக்கியிருக்கும். டிரம்மில் அச்சடித்த எழுத்தில் 1ஏ1 என்று இருந்தால் முதல் வகை. 1ஏ2 என்று இருந்தால் இரண்டாவது வகை.

புகை அடுப்புக்குத் தலை திறந்த டிரம்மையே தேடி வாங்குங்கள். கிருஷ்ணகிரி பக்கம் மாம்பழக் கூழ் ஆலைகள் நிறைய. ஏற்றுமதிக்குப் போகும் கூழைக் கிருமி நீக்கிய பையில் அடைத்து, அந்தப் பையை இந்த வகை டிரம்மில் வைத்து அனுப்புகிறார்கள். கூழ் பையில், பை டிரம்மில். உள்ளே இருந்தது சாப்பாட்டுச் சாமான். அதுவும் இரும்பைத் தொட்டதில்லை. இதைவிட நல்ல டிரம் எங்கே கிடைக்கும்?

இன்னொரு லாபமும் இருக்கிறது. அதுதான் பெரிய லாபம். இந்த டிரம்மின் தலையை வெட்ட வேண்டியதில்லை.

டமார்!

தலை மூடிய டிரம்மை வாங்கினால் என்ன நடக்கிறது? நேராக வெல்டிங் பட்டறைக்கு உருட்டிக்கொண்டு போகிறார்கள். "தம்பி, இதோட தலையை மட்டும் அறுத்துக் குடு" என்கிறார்கள். பட்டறையில் இருக்கும் பையன் கேஸ் கட்டரைப் பற்ற வைக்கிறான். டிரம்மின் மேல் குனிகிறான்.

காலி டிரம்தானே என்கிறீர்களா? காலி டிரம்தான் எமன்! நிரம்பிய டிரம்மில் காற்றுக்கு இடமில்லை. காலி டிரம்மில் காற்றும் இருக்கிறது, அடியில் தங்கிய சொட்டில் இருந்து கிளம்பிய ஆவியும் இருக்கிறது. காற்றில் பெட்ரோல் ஆவி நூற்றுக்கு ஒன்றரைப் பங்கு கலந்தாலே போதும், ஒரு பொறி பட்டால் வெடிக்கும். டிரம்மின் தலைத்தகடு பிய்த்துக்கொண்டு கிளம்பும். அது போகிற வழியில் இருப்பது குனிந்த பையனின் முகம். காலி பேரல் வெடித்து வெல்டர் சாவு என்ற செய்தியைப் பத்திரிகை படிக்கிற யாரும் ஒரு தடவையாவது பார்க்காமல் இருந்திருக்க மாட்டார்கள்.

"டீசல்தானே இருந்துச்சு, அது சட்டுனு பத்தாதே" என்று ஒரு சமாதானம் சொல்வார்கள். சாதாரணச் சூட்டில் சரி. கட்டரின் தீநாக்கு தகட்டில் பட்டதும், உள்ளே ஒட்டியிருக்கும் டீசலும் கிரீசும் ஆவியாகி விடுமே! "தண்ணி ஊத்திக் கழுவியாச்சு" என்பது அடுத்த சமாதானம். டிரம்மின் தலையும் உடலும் சேரும் மடிப்பு இருக்கிறது பாருங்கள், அதற்குள் போன எண்ணெய் ஒரு வாளித் தண்ணீருக்கெல்லாம் வெளியே வராது. அறுக்கும் சக்கரம் போட்டாலும் இதே கதைதான். அதில் கொட்டுவதும் நெருப்புப் பொறிதான்.

தீப்பற்றும் சரக்கு இருந்த கலத்தை, அதையும் அதன் ஆவியையும் முழுசாக அகற்றாமல் வெட்டவோ, வெல்டிங் செய்யவோ கூடாது என்று 1948ம் வருஷத்துத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 37வது பிரிவிலேயே எழுதி வைத்தார்கள். ஆனால் அது தொழிற்சாலைக்குப் போட்ட சட்டம். புளியமரத்தடியில் ரெண்டு பேர் வேலை பார்க்கும் பட்டறையை அது எட்டிப் பார்க்கவில்லை. பட்டறை முதலாளிகளுக்கு ஒரு வார்த்தை. உள்ளே என்ன இருந்தது என்று சொல்லத் தெரியாதவர் கொண்டு வரும் டிரம்மைத் திருப்பி அனுப்புங்கள். போனால் ஒரு அறுப்புக் கூலி போகும். போகட்டும்!

சமையல் எண்ணெய் இருந்த டிரம், அது நிச்சயம் என்று தெரிந்தால், வெந்நீரும் சோப்பும் விட்டுப் பல தடவை உருட்டிக் கழுவி, இரண்டு மூடியையும் திறந்து வைத்து, விளிம்பு வரை தண்ணீர் நிரப்பி, உளியும் சுத்தியலும் கொண்டு தலையை வெட்டலாம். மெதுவான வேலைதான். கை வலிக்கும். உயிர் இருக்கும்.

உள்பூச்சு

டிரம் வந்தாயிற்று. அடுத்தது சுத்தம். உள்ளே ஆணியால் கீறிப் பாருங்கள். உடனே இரும்பு தெரிந்தால் நல்லது. தங்க நிறத்திலோ, செங்கல் நிறத்திலோ ஒரு பூச்சு உரிந்து வந்தால் அது ரசாயனப் பிசின் பூச்சு. சரக்கு இரும்பை அரிக்காமல் இருக்கப் பூசியது. அதை அப்படியே வைத்துக்கொண்டு கறி வாட்டினால், பிசின் புகை கறியில்தான் இறங்கும். அதை எடுக்க விறகை அடுக்கி, பூச்சு சாம்பலாக உதிரும் வரை பெருந்தீ போட வேண்டும். மொட்டை மாடியில், பக்கத்து வீட்டுக் கைக்குழந்தை தூங்கும் ஜன்னலுக்கு நேராக, இதைச் செய்யக் கூடாது! ஊருக்கு வெளியே வெட்டவெளி வேண்டும். அதற்கு வசதி இல்லாதவர்கள் பூச்சில்லாத டிரம்மாகத் தேடுங்கள்.

துத்தநாக முலாம் பூசிய டிரம் வேண்டவே வேண்டாம். மேலே பளபளவென்று பனிப்பூ மாதிரி தெரியும். பெருந்தீயில் அந்தத் துத்தநாகம் புகையாகக் கிளம்பினால் குளிர் காய்ச்சலில் கொண்டுபோய் விடும்.

வெளி வர்ணத்தையும் சும்மா விடக் கூடாது. வீட்டுப் பெயிண்டில் ஈயம் 10 லட்சத்தில் 90 பங்குக்கு மேல் கூடாது என்ற விதி 2017 நவம்பரில் அமலுக்கு வந்தது. டிரம்மில் அடிப்பது வீட்டுப் பெயிண்ட் இல்லையே! தண்ணீர் தெளித்து, ஈரத்தோடு சுரண்டுங்கள். தூள் பறந்தால் மூக்குக்குள் போகும். தீ போடுவதற்கு முன்பே இதை முடித்துவிட வேண்டும்.

பிறகு கம்பி பிரஷ், சோப்புத் தண்ணீர், நல்ல வெயில். காய்ந்ததும் உள்ளே முழுக்க எண்ணெய் தடவிச் சூடு காட்டுங்கள். புதுத் தோசைக்கல்லைப் பழக்குவோமே, அதே வித்தைதான். வீட்டில் அம்மாவைக் கேட்டால் சொல்லித் தருவார்கள். முதல் நாள் கறி வைக்காமல் வெறும் அடுப்பாக ரெண்டு மூணு மணி நேரம் எரியட்டும்.

தண்ணீர் டிரம்

அடுப்பு வைக்கிறவர்களோடு இது முடியவில்லை. 2019 கோடையில் ஏரிகள் வறண்டு, லாரித் தண்ணீருக்குக் காத்துக் கிடந்தோமே, அப்போது கைக்குக் கிடைத்த டிரம்மையெல்லாம் வாங்கி வாசலில் வைத்தோம். இரும்போ, நீல பிளாஸ்டிக்கோ, எத்தனை பேர் இந்தக் கேள்வியைக் கேட்டார்கள்?

ரசாயனம் ஒட்டிய காலி பேரல்களை 2016ல் வந்த விதிகள் அபாயகரமான கழிவுப் பட்டியலில் சேர்த்திருக்கின்றன. அவற்றை வெளியே தள்ளும் ஆலை, மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் அனுமதி பெற்றவர்களிடம்தான் ஒப்படைக்க வேண்டும். அப்படியிருக்க, சீட்டுச் சுரண்டிய ரசாயன டிரம் ஒன்று காயலான் கடை வாசலில் நின்றால், அதிகாரிகள் கேள்வி கேட்க வேண்டியது கடைக்காரரை மட்டும் அல்ல. அதை வெளியே விட்ட ஆலையைப் போய்க் கேட்கட்டும். மாலை நேரத்தில் கிரில் கடைக்கு வரும் உணவுப் பாதுகாப்பு அதிகாரிகளும் கோழியைப் புரட்டிப் பார்த்த கையோடு, அடுப்பையும் ஒரு தடவை குனிந்து பார்க்கட்டும்.