மழைக் கணக்கு யாருக்காக?

"வரலாறு காணாத மழை!" தெருவிலே வெள்ளம் தேங்கும்போதெல்லாம் அதிகார பீடங்களிலிருந்து எழும் பல்லவி இது. வானத்தின்மீது பழியைப் போட்டுவிட்டால், வடிகால் கட்டியவர்களை எவரும் கேட்கமாட்டார்கள் அல்லவா? நாம் கேட்கிறோம்: எந்த மழையை அளந்து இந்த வடிகால்களைக் கட்டினீர்கள்?

2015 டிசம்பர் 2 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் பெய்தது 49 சென்டிமீட்டர்; நுங்கம்பாக்கத்திலோ 29. 2005 ஜூலை 26 அன்று மும்பையின் சாந்தாகுரூசில் 94 சென்டிமீட்டர். அதே நகரத்துக் கொலாபாவில் வெறும் 7! நகரத்துக்கு ஒரே மழை என்பது பொய்க்கணக்கு. நுங்கம்பாக்கத்து மழையை வைத்துத் தாம்பரத்தில் வடிகால் கட்டுவது, தம்பியை அளந்து அண்ணனுக்குச் சட்டை தைப்பதற்கு ஒப்பாகும்.

நாள் மொத்தம் மட்டும் அறிந்தாலும் போதாது. 10 சென்டிமீட்டர் மழை நாள் முழுதும் தூறினால் வடிந்துவிடும். இரண்டே மணியில் கொட்டினால் குடிசைக்குள் புகும். ஓர் ஏக்கரில் 1 சென்டிமீட்டர் பெய்தாலே 40,000 லிட்டர் தண்ணீர். மண் குடித்த நீரைச் சிமெண்டுத் தரை குடிப்பதில்லை. எனவே, கால் மணிக்கு எவ்வளவு பெய்கிறது, அத்தகைய மழை எத்தனை ஆண்டுக்கொருமுறை வருகிறது என்று பகுதிவாரியாகக் கணக்கிட்டே வடிகாலின் அகலத்தையும் ஆழத்தையும் சரிவையும் முடிவு செய்யவேண்டும்.

இங்கேதான் ஏழைக்கு ஓரவஞ்சனை! மத்திய அரசின் 2019 ஆம் ஆண்டுக் கையேடு, பெருநகரின் மையத்திலுள்ள விலையுயர்ந்த பகுதிகளுக்கு 5 ஆண்டுக்கொருமுறை வரும் பெருமழையைத் தாங்கும் வடிகால் என்கிறது. புறப்பகுதிகளுக்கோ 2 ஆண்டுக்கொருமுறை வரும் மழையே போதுமாம். மனை விலை ஏறினால் வடிகாலும் அகலும்! செலவைக் கருதவேண்டாமா என்பர். கருதட்டும். நூற்றாண்டு மழைக்கெல்லாம் தெருதோறும் வடிகால் கட்டுவது எளிதன்று. ஆனால், சிக்கனத்தின் சுமை புறநகர்த் தொழிலாளியின் தலையிலேயே விழுவானேன்?

4 சதுரக் கிலோமீட்டருக்கு ஒரு தானியங்கி மழைமானி வேண்டும் என்று தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையம் 2010 இலேயே சொல்லிவிட்டது. மானி வையுங்கள், அளவை மக்கள் அறிய வெளியிடுங்கள், அதன்பின் ஒப்பந்தப்புள்ளி கோருங்கள் என்கிறோம்.

தோழர்களே! உங்கள் தெருவில் பள்ளம் தோண்ட ஆள் வந்ததும் ஒன்றைக் கேளுங்கள்: "இது மணிக்கு எத்தனை மில்லிமீட்டர் மழைக்கு? அந்தக் கணக்கு எங்கள் பகுதியில் அளந்ததா?" விடை வரும்வரை கேட்டுக்கொண்டே இருங்கள்.