"அவனுக்கு ஒன்றும் வராது"

பஸ் ஸ்டாண்டு ஓரம் கிழிந்த சட்டையோடு படுத்திருப்பவரைக் காட்டி, "வெயில்லயும் மழையிலயும் கெடக்கான், கண்டதத் தின்னுறான், ஒரு தும்மல் உண்டா பாரு" என்று வியப்பார்கள். மனம் கலங்கியவர்களுக்கு உடம்பு இறுகிப்போகும், நோய் அண்டாது என்று படித்தவர்களும் நம்புகிறார்கள். பேய், செய்வினை என்று யாராவது சொன்னால் மறுத்துப் பேச நாலு பேர் வருவார்கள். இதை மறுக்க ஆளில்லை. கேட்பதற்குப் பாராட்டுப்போல இருப்பதால் இந்தப் பொய் சௌகரியமாக உயிர் வாழ்கிறது.

நம் கண்ணில் படுகிறவர் உயிரோடு இருப்பவர் மட்டும்தான். அதே இடத்தில் முன்பு படுத்திருந்தவர் என்ன ஆனார் என்று எவரும் விசாரிப்பதில்லை. அடையாளம் தெரியாத உடலாகப் பிணவறைக்குப் போனவர் நம் கணக்கில் சேர்வதே இல்லை. பிழைத்துக் கிடப்பவரை மட்டும் வைத்து "பாரு, ஒண்ணும் ஆகல" என்று தீர்ப்பு எழுதுகிறோம்.

மனச்சிதைவு, இருமுனைக் கோளாறு போன்ற கடும் மனநோய் உள்ளவர்கள் மற்றவர்களைவிட 10 முதல் 20 ஆண்டுகள் முன்னதாகவே இறக்கிறார்கள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். உடனே தற்கொலைதான் நினைவுக்கு வரும். அந்த ஆபத்தும் அவர்களுக்கு அதிகம்தான். ஆனால் இழக்கும் ஆண்டுகளில் பெரும்பங்கைத் தின்பவை மாரடைப்பும் சர்க்கரையும் நுரையீரல் நோயும்தான். நம் வீட்டுப் பெரியவர்களுக்கு வந்தால் அலறியடித்து ஓடுகிற அதே நோய்கள்.

அந்த நம்பிக்கைக்குள் ஒரு துளி உண்மை இருக்கிறது. அதுதான் அதை இன்னும் அபாயமாக்குகிறது. மனச்சிதைவு உள்ளவர்களில் பலர் வலியை வெளியே சொல்வது குறைவு. நெஞ்சு வலிக்கிறது என்று சொல்லாமலே மாரடைப்பு வந்தவர்களும், குடல்வால் வெடிக்கும்வரை பேசாமல் இருந்தவர்களும் மருத்துவ ஏடுகளில் பதிவாகியிருக்கிறார்கள். வாய்விட்டுச் சொல்லாதவரை மற்றவர்களைவிடக் கூடுதலாக அல்லவா சோதித்துப் பார்க்க வேண்டும்? நாமோ அதையே உடல் வலு என்று பேர் சொல்லி விட்டுவிடுகிறோம்.

வீட்டுக்குள் இந்தக் குருட்டுத்தனம் அன்பின் வடிவில் நடக்கிறது. மாத்திரை தொடங்கிச் சில மாதங்களில் பிள்ளை உடம்பு போடுகிறான். "இப்பத்தான் தேறியிருக்கான், நல்லா சாப்பிடுறான்" என்று அம்மா மகிழ்கிறாள். ஓலன்ஜபின், க்ளோசபின் போன்ற மருந்துகள் பசியைத் தூண்டி எடையை ஏற்றும், சர்க்கரையையும் கொழுப்பையும் கூட்டும். எடையும் இடுப்புச் சுற்றளவும் மருந்து தொடங்கும்போதே குறிக்கப்பட வேண்டியவை. க்ளோசபினுக்கு வெள்ளையணு எண்ணிக்கையைச் சோதிக்கிறார்கள், நல்லது. அதே மருந்து தரும் மலச்சிக்கல் குடலடைப்பாக முற்றி உயிரையே எடுக்கும். "வெளிக்கிப் போகிறதா?" என்று கேட்க எந்தக் கருவியும் வேண்டாம்.

"அப்படியானால் அந்த மாத்திரையே வேண்டாம்" என்று அவசரப்படுகிறவர்களுக்கு: ஃபின்லாந்தில் மனச்சிதைவு உள்ள 66,881 பேரை 11 ஆண்டுகள் தொடர்ந்து பார்த்த ஆய்வு 2009இல் லான்செட் இதழில் வந்தது. மருந்து எடுக்காதவர்களைவிட எடுத்தவர்களிடம் இறப்பு குறைவு. அதிலும் மிகக் குறைவு, எடை கூட்டுவதில் பேர்போன க்ளோசபின் எடுத்தவர்களிடம். மருந்தை நிறுத்துவது தீர்வே இல்லை. உடம்பையும் சேர்த்துக் கவனிப்பதுதான் வேலை.

மருத்துவர்களைச் சொல்லாமல் இதை முடித்தால் அநியாயம். பழைய சீட்டில் மனநலப் பிரிவின் முத்திரை இருந்தால் போதும், வயிற்றுவலி 'மனசு சம்பந்தப்பட்டது' ஆகிவிடும். பொது மருத்துவர் அங்கே அனுப்புவார், மனநல மருத்துவர் இங்கே அனுப்புவார். கூடவே "அட்டெண்டர் யாரு?" என்ற கேள்வி. யாருமில்லாதவர் என்ன செய்வார்? வரிசையிலிருந்து விலகிப் போவார். இது நம் நாட்டுக் கோளாறு மட்டுமல்ல. அமெரிக்காவில் மாரடைப்போடு சேர்க்கப்பட்ட ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட முதியவர்களை ஆராய்ந்து, முடிவை 2000இல் வெளியிட்டார்கள். மனநோய் உள்ளவர்களுக்கு ரத்தக்குழாய் அடைப்பை நீக்கும் சிகிச்சை குறைவாகவே கிடைத்திருந்தது. ஒரே மாரடைப்பு, சிகிச்சையில் பாகுபாடு.

இங்கிலாந்தில் கடும் மனநோய் உள்ளவர்களுக்கென்றே ஆண்டுக்கொரு உடல் பரிசோதனைத் திட்டம் இருக்கிறது: எடை, ரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு, புகை, குடி. இதில் எதற்குப் பெரிய மருத்துவமனை வேண்டும்? தமிழ்நாட்டில் 2021இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் ரத்த அழுத்த, சர்க்கரை மாத்திரைகளை வீட்டு வாசலுக்கே கொண்டுவருகிறது. அந்த ஊழியர் தாத்தாவுக்குப் பி.பி. பார்த்துவிட்டுப் போகும்போது, பின்கட்டு அறையில் இருக்கும் மகனை அழைத்துவந்து காட்ட வீட்டார் கூசுகிறார்கள். கூச வேண்டாம்.

2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 21ஆம் பிரிவு, எல்லா மருத்துவச் சேவையிலும் மனநோயாளியை மற்ற நோயாளிகளுக்குச் சமமாக நடத்த வேண்டும் என்கிறது. அவசர சிகிச்சையும் ஆம்புலன்ஸும் அதில் அடக்கம். உங்கள் வீட்டில் அப்படி ஒருவர் இருந்தால், அடுத்த முறை மாத்திரை வாங்கப் போகும்போது எடையும் ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். "எதுக்கு இதெல்லாம்?" என்று யாராவது கேட்டால் அந்தப் பிரிவின் எண்ணைச் சொல்லுங்கள்.