ஆன்ஸ்கம் கேட்ட கேள்வி

டார்வின் மரணப் படுக்கையில் மனந்திரும்பினார் என்ற கதை பிரசங்க மேடைகளில் இன்னும் உலாவுகிறது. 1915-ல் அமெரிக்கப் பத்திரிகை ஒன்றில் வந்த கதை அது. கடைசி நேரத்தில் அப்பாவின் அருகில் இருந்த மகள் ஹென்ரியெட்டா 1922-லேயே அதை மறுத்துவிட்டார். இதை நம்பி நாத்திகரிடம் வாயைத் திறக்கும் விசுவாசி, அடுத்துச் சொல்லப்போகும் நல்ல வாதத்தையும் சேர்த்தே கெடுத்துக்கொள்கிறார்.

நல்ல வாதங்கள் இல்லாமல் இல்லை. கிறிஸ்தவ எழுத்தாளர் சி.எஸ். லூயிஸ் 1947-ல் வெளியிட்ட ‘மிராக்கிள்ஸ்’ நூலில் ஒன்று உண்டு: இயற்கையைத் தவிர வேறொன்றும் இல்லையென்றால் நம் சிந்தனையும் அறிவற்ற விசைகளின் விளைவுதான், அப்படிப்பட்ட சிந்தனையை, அதில் பிறந்த நாத்திகத்தையும் சேர்த்து, எதை வைத்து நம்புவது? 1948 பிப்ரவரி 2 அன்று, லூயிஸ் தலைவராக இருந்த ஆக்ஸ்போர்டு சாக்ரடிக் கிளப்பிலேயே இந்த வாதத்தைப் பிரித்து மேய்ந்தார் தத்துவவாதி எலிசபெத் ஆன்ஸ்கம். வயது 28. நாத்திகர் அல்ல, அழுத்தமான கத்தோலிக்கர்! ஓர் எண்ணம் மூளையில் எப்படித் தோன்றியது என்பது ஒரு கேள்வி, அது சரியா என்பது வேறு கேள்வி. இரண்டையும் குழப்பலாமா என்று கேட்டார்.

லூயிஸ் முரண்டு பிடிக்கவில்லை. அந்த வாதம் வந்த அத்தியாயத்தை மாற்றி எழுதி 1960 பதிப்பில் சேர்த்தார். அது அவருடைய நேர்மையைக் காட்டுகிறது என்று ஆன்ஸ்கமே பின்னாளில் எழுதினார்.

வாதம் சாகவில்லை. கிறிஸ்தவத் தத்துவவாதி ஆல்வின் பிளான்டிங்கா 1993-ல் பரிணாமக் கொள்கையைத் துணைக்கு அழைத்து அதே பாணியில் ஒன்றை முன்வைத்தார். நாத்திகத் தத்துவவாதிகள் அதை ஒதுக்கித் தள்ளாமல், உட்கார்ந்து பதில் எழுதினார்கள்.